ஓரியன்ட் பேயில் அமைதியாக ஒரு வாரம்: ஆடை அவரவர் விருப்பம் என்ற கடற்கரைக்கு அருகில் தங்குவோருக்கு

கரீபியனில் ஆடையில்லாமல் கடலில் இறங்க இடம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேள்விப்படும் பெயர், செயின்ட் மார்ட்டின் தீவின் ஓரியன்ட் பே. 1648 முதல் பிரான்ஸும் நெதர்லாந்தும் பங்கிட்டுக்கொண்டிருக்கும் தீவு இது. வடக்குப் பாதி பிரெஞ்சு செயின்ட் மார்ட்டின், தெற்குப் பாதி டச்சு சின்ட் மார்ட்டன். ஓரியன்ட் பே பிரெஞ்சுப் பக்கத்தில், வடகிழக்குக் கரையில், ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளத்துக்கு வெண்மணலாகக் கிடக்கிறது. நடுப்பகுதியில் பீச் பார்கள், ஜெட் ஸ்கி, வாடகை நாற்காலி என்று கூட்டம் இருக்கும். தெற்கு முனைதான் ஆடை அவரவர் விருப்பம் என்று பல பத்தாண்டுகளாகப் புழங்கிவரும் பகுதி.

பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டுத் தேடுகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெற்கு முனையில் இருந்த கிளப் ஓரியன்ட் என்ற நேச்சுரிஸ்ட் ரிசார்ட், அதாவது ஆடையில்லாமல் இருக்க விரும்புகிறவர்களுக்கான விடுதி, இப்போது இல்லை. 2017 செப்டம்பர் 6 அன்று இர்மா சூறாவளி ஐந்தாம் வகை என்ற உச்ச வேகத்தோடு தீவின் மேலேயே கடந்தபோது அது தரைமட்டமானது. படங்கள் இணையத்தில் இன்னும் உலவுகின்றன, அவற்றை நம்பி அறை தேட வேண்டாம். ரிசார்ட் போனாலும் வழக்கம் போகவில்லை. இப்போதெல்லாம் விரிகுடாவின் மற்ற விடுதிகளிலோ வாடகை வீடுகளிலோ தங்கி, தெற்கு முனைக்கு நடந்து போய்வருகிறார்கள்.

பணம் கொடுத்தால் நல்ல அறை கிடைக்கும், அமைதி கிடைக்காது. எந்த மாதம் போகிறீர்கள், எந்த இடத்தில் அறை எடுக்கிறீர்கள், எந்த மணிக்கு மணலில் இறங்குகிறீர்கள் என்ற மூன்றும் சேர்ந்துதான் அதைத் தரும். ஆடையைக் கழற்றுவது பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். உண்மையில் இந்தப் பயணத்தில் அதுதான் மிகச் சுலபமான காரியம்.

மாதம்

டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை உச்சப் பருவம். மழை குறைவு, வெயில் இதம், விலை அதிகம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் கிழக்குக் காற்று வலுத்து வீசும். ஓரியன்ட் பே கிழக்கு பார்த்த கரை என்பதால் அந்தக் காற்று நேராக முகத்தில் அறையும், மணல் பறக்கும், அலை எழும்பும். காற்று பிடிக்காதவர்கள் கிறிஸ்துமஸை ஒட்டிய வாரங்களைத் தவிர்க்கலாம்.

சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரைதான் ஆபத்து உச்சத்தில் இருக்கும். செப்டம்பரில் பல உணவகங்களும் விடுதிகளும் கதவைச் சாத்திவிடும். அந்த நேரத்தில் கிடைக்கும் அமைதியை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

அடுத்தது சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி. 2011 முதல் அட்லாண்டிக்கிலிருந்து மிதந்து வந்து கரீபியனின் கிழக்குக் கரைகளில் ஒதுங்குகிறது. வசந்த காலத்தில் தொடங்கிக் கோடை முழுவதும் வரத்து இருக்கும். அளவு ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒரு வாரம் குவியல் குவியலாகக் கிடந்துவிட்டு அடுத்த வாரம் சுத்தமாக இருப்பதும் உண்டு. குவிந்து அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளியாகும். அழுகிய முட்டை நாற்றம், கண் எரிச்சல், தலைவலி எல்லாம் அதனால்தான். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த நாட்களில் கிட்டப் போகக் கூடாது. பயணத்துக்கு முந்தைய வாரம் செயற்கைக்கோள் கணிப்பு வரைபடத்தையும், விரிகுடாவில் எடுத்த அண்மைப் படங்களையும் பாருங்கள். பாசி வந்துவிட்டால் தீவின் மறுபக்கத்துக்கு மாறுவதுதான் வழி. மேற்குக் கரையில் உள்ள பே ரூஜ், ஃபிரையர்ஸ் பே, ஹாப்பி பே போன்றவை பெரும்பாலும் தப்பிவிடும்.

இவை எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால், கூட்டமும் விலையும் குறைந்து வானிலையும் கைகொடுக்கும் வாய்ப்பு உள்ள காலம் நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முதல் பத்து நாட்கள் வரை. அடுத்த தேர்வு மே மாதம், பாசிக்குத் துணிந்தால்.

அறை

விடுதியின் விளம்பரச் சொற்களை நம்பி முன்பதிவு செய்வதால்தான் பலருக்கு ஏமாற்றம். ‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்றால் குழந்தைகள் கிடையாது என்பதுதான் பொருள், ஆடை பற்றி அதில் ஒன்றும் இல்லை. ‘ஆடை விருப்பம்’ என்று போட்டிருக்கும் கரீபியன் ரிசார்ட்டுகளிலும் வகை உண்டு. சில இடங்களில் இரவு முழுக்க இசையும் விருந்தும்தான் சரக்கு. அது வேண்டுபவர்களுக்கு அது சரி, அமைதி தேடுபவர்களுக்குப் பொருந்தாது. பதிவு செய்யும் முன் விடுதிக்கு மின்னஞ்சல் அனுப்பி நேராகவே கேளுங்கள்: நீச்சல் குளத்திலும் பால்கனியிலும் ஆடையில்லாமல் இருக்கலாமா? தெற்கு முனைக்கு நடக்க எத்தனை நிமிடம்? மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா? பக்கத்தில் கட்டுமான வேலை நடக்கிறதா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். இர்மாவுக்குப் பிறகு தீவில் கட்டுவதும் பழுதுபார்ப்பதும் ஆண்டுக்கணக்கில் நடந்திருக்கிறது. காலை ஏழு மணிக்குத் துளைப்பான் சத்தம் கேட்டால் விடுமுறை பாழ்.

விரிகுடாவின் நடுவில் அறை எடுத்தால் கடைக்கும் உணவகத்துக்கும் கிட்டம், ஆனால் பகலில் பீச் பார்களின் பாட்டு வந்து விழும். வடக்கு முனையான மோன் வெர்னோன் பக்கம் தங்கினால் தெற்கு முனைக்குக் கரை முழுவதையும் கடந்து நடக்க வேண்டும். மணலில் 2 கிலோமீட்டர் என்பது அரை மணி நேரத்துக்குக் குறையாது. நடுவுக்குத் தெற்கே, கடற்கரையிலிருந்து ஒரு வரிசை உள்ளே தள்ளியிருக்கும் அறைதான் எங்கள் தேர்வு. காற்றின் இரைச்சலும் குறையும், வாடகையும் இறங்கும்.

சாதாரண விடுதியில் தங்கினால் அறைக்கு வெளியே ஆடை கட்டாயம். குளத்தில், வரவேற்பறையில், கடற்கரைக்குப் போகும் பாதையில் எல்லாம் அப்படித்தான். பால்கனி அடுத்தவர் பார்வைக்குப் பட்டால் அங்கும்.

ஆவணம், பணம், வண்டி

பெரிய விமானங்கள் டச்சுப் பக்கத்து பிரின்சஸ் ஜூலியானா நிலையத்தில் இறங்கும். குவாதலூப் போன்ற பக்கத்துத் தீவுகளிலிருந்து வரும் சிறு விமானங்கள் பிரெஞ்சுப் பக்கத்து கிராண்ட் காஸில் இறங்கும், அங்கிருந்து ஓரியன்ட் பே சில நிமிடத் தொலைவுதான். இரு பாதிகளுக்கும் இடையே தரையில் சோதனைச் சாவடி கிடையாது. ஆனால் இரண்டுமே ஷெங்கன் என்ற ஐரோப்பியப் பொது விசாப் பகுதிக்கு வெளியே உள்ளவை. விசா தேவைப்படும் பாஸ்போர்ட் என்றால், ஷெங்கன் விசா இருக்கிறதே என்று மட்டும் கிளம்பிவிடாமல், தரையிறங்கும் பாதிக்கும் தங்கும் பாதிக்கும் தனித்தனியே தூதரகத்தில் உறுதிசெய்யுங்கள். விமானத்தில் ஏற்ற மறுத்துவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

பிரெஞ்சுப் பக்கம் யூரோ. டச்சுப் பக்கத்தில் 2025 மார்ச் 31 முதல் கரீபியன் கில்டர் புழங்குகிறது, ஒரு டாலருக்கு 1.79 கில்டர் என்று நிலையாகக் கட்டியிருக்கிறார்கள். அமெரிக்க டாலரை இரு பக்கமும் வாங்குவார்கள். பிரெஞ்சுப் பக்கத்தில் சில உணவகங்கள் ரொக்க டாலரை யூரோவுக்கு ஒன்றுக்கு ஒன்று என எடுத்துக்கொள்ளும். யூரோ மதிப்பு கூடியிருக்கும்போது அது உங்களுக்கு லாபம், கேட்டுவிட்டுக் கொடுங்கள். மின்சாரம் பிரெஞ்சுப் பக்கம் 220 வோல்ட், டச்சுப் பக்கம் 110. தொலைபேசிக் குறியீடும் வேறு, 590 ஒரு பக்கம், 1 721 மறுபக்கம். எல்லை அருகே போன் தானாக மறுபக்க வலையமைப்புக்குத் தாவிவிடும். ஐரோப்பிய சிம் வைத்திருப்பவர்களுக்குப் பிரெஞ்சுப் பக்கம் ரோமிங் இலவசம், டச்சுப் பக்கம் இல்லை. வலையமைப்பைக் கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள்.

டாக்சியில் மீட்டர் இல்லை. ஏறும் முன் கட்டணத்தைக் கேட்டு, எந்த நாணயம் என்றும் கேளுங்கள். ஒரு வாரத்துக்கு வாடகைக் கார்தான் தோது. வண்டி வலப்பக்கம் ஓட்ட வேண்டும். கடற்கரைகளில் நிறுத்தும்போது பையையோ பாஸ்போர்ட்டையோ டிக்கியில்கூட வைக்காதீர்கள். ஒதுக்குப்புறக் கடற்கரைகளில் கண்ணாடியை உடைத்துத் திருடுவது நடக்கிறது.

மணி

ஓரியன்ட் பேயின் கூட்டத்தைத் தீர்மானிப்பவை டச்சுப் பக்கத்து பிலிப்ஸ்பர்க்கில் வந்து நிற்கும் உல்லாசக் கப்பல்கள். கப்பல் வந்த நாளில் முற்பகலில் வேன்கள் கடற்கரைக்கு வரத் தொடங்கும், பிற்பகல் நடுவில் திரும்பும். இடைப்பட்ட நேரத்தில் ஆடையோடு தெற்கு முனைவரை நடந்துவந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இருப்பார்கள். கப்பல் அட்டவணை இணையத்தில் முன்கூட்டியே கிடைக்கும். உங்கள் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் எத்தனை கப்பல் என்று குறித்துவையுங்கள். ஒன்றோ சுழியமோ என்றால் நாள் முழுக்க இருக்கலாம். நான்குக்கு மேல் என்றால் காலை ஏழு முதல் ஒன்பதரை வரை, பிறகு மூன்றரைக்கு மேல். நடுவே கிராண்ட் காஸில் ‘லோலோ’ என்று சொல்லும் திறந்தவெளிச் சுட்ட இறைச்சிக் கடைகளில் மதிய உணவு சாப்பிடலாம், அறையில் தூங்கலாம். நண்பகல் வெயிலிலிருந்தும் இதனால் தப்பிக்கிறீர்கள்.

சூரியன் டிசம்பரில் மாலை ஐந்தே முக்கால் வாக்கிலேயே மறைந்துவிடும், ஜூனில் ஏழு மணிக்குச் சற்று முன். மேற்கே குன்றுகள் இருப்பதால் கடற்கரையில் நிழல் இன்னும் முன்னதாக விழும்.

மணலில்

விருப்பம் என்றால் விருப்பம்தான். நீச்சலுடையோடு அங்கே உட்காரலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தம்பதியில் ஒருவர் ஆடையோடும் மற்றவர் இல்லாமலும் இருப்பதும் சகஜம். எல்லைக்கோடு எதுவும் மணலில் கிடையாது. தெற்கே நடந்துகொண்டே போனால் ஆடை குறைந்துவருவது தெரியும், அங்கே துண்டை விரியுங்கள். முதல் முறை வருபவர்கள் குடையை ஊன்றி, சன்ஸ்கிரீன் பூசி, பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருங்கள். சுற்றிலும் ஒருவரும் உங்களைக் கவனிக்கவில்லை என்பது அதற்குள் புரிந்துவிடும். பிறகு கழற்றிவிட்டு நேரே கடலுக்குள் இறங்குவது பலருக்குச் சுலபமாக இருக்கிறது. திரும்பி வரும்போது கூச்சம் பாதி போயிருக்கும்.

எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் கீழே துண்டு. பார் நாற்காலி, படகு இருக்கை, பாறை எதுவானாலும் இதில் விலக்கே கிடையாது. எனவே ஆளுக்கு இரண்டு துண்டு, படுக்க ஒன்று, உட்கார ஒன்று. நடுப்பகுதி பார்களுக்குப் போகும்போது இடுப்பில் எதையாவது சுற்றிக்கொள்ளுங்கள். பரேயோ என்று அங்கே விற்கும் மெல்லிய துணி கைலி போலச் சுற்ற வசதியாக இருக்கும், நனைந்தால் கால் மணியில் காயும். அடுத்தவர் துண்டிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி இடம்பிடியுங்கள். கரை காலியாக இருக்கும்போது ஒருவர் பக்கத்திலேயே வந்து விரிப்பதை அங்கே யாரும் நல்லெண்ணமாக எடுத்துக்கொள்வதில்லை.

படம் எடுப்பதுதான் பெரிய குற்றம். உங்கள் துணையை எடுத்தாலும் பின்னால் யாராவது விழுவார்கள். இன்னொன்று பலருக்குத் தோன்றுவதில்லை: செய்தி படிக்கப் போனை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தால், எதிரே இருப்பவருக்கு அது கேமரா அவரைப் பார்ப்பதாகவே தெரியும். போனை மடியில் தாழ்த்திப் பிடியுங்கள், அல்லது பையில் போட்டுவிட்டுப் புத்தகம் எடுத்துப்போங்கள். கேமரா உள்ள குளிர்கண்ணாடி, டிரோன் இரண்டும் அறையிலேயே இருக்கட்டும்.

உடலில் தானாக நேரும் கிளர்ச்சி ஆண்களுக்குப் பெரிய பயம். குப்புறப் படுத்துக்கொள்ளலாம், துண்டைப் போர்த்தலாம், நீரில் இறங்கலாம். அதைப் பொருட்படுத்தாமல் விடுவதுதான் நாகரிகம். ஆனால் பாலியல் நடத்தை என்பது முற்றிலும் வேறு. பிரெஞ்சுக் குற்றச் சட்டத்தின் 222-32ஆம் பிரிவு பொது இடத்தில் பிறர் பார்வையில் படும் பாலியல் வெளிப்பாட்டுக்கு ஓர் ஆண்டு சிறையும் 15,000 யூரோ அபராதமும் வைத்திருக்கிறது. குடும்பங்களும் வந்துபோகிற கரை இது. நேச்சுரிஸ்ட் பழக்கத்தைக் கெடுப்பவர்கள் வெளியிலிருந்து வேடிக்கை பார்ப்பவர்களைவிட இப்படி நடந்துகொள்பவர்கள்தான் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

இங்கே இருக்கும் சுதந்திரம் பக்கத்துத் தீவில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பிரெஞ்சுப் பக்கத்துத் தலைநகரான மரிகோவிலிருந்து படகில் அரை மணிக்குள் போய்விடக்கூடிய ஆங்கில்லாவில் மேலாடையில்லாமல் இருப்பதும் சட்டப்படி குற்றம். ஓரியன்ட் பேக்கு எதிரே உள்ள பினெல் தீவுக்கும் ஆடையோடுதான் போக வேண்டும்.

தோல்

விடுமுறையைக் கெடுப்பதில் முதலிடம் தோல் வெயிலில் வேவதற்குத்தான். 18 பாகை வடக்கில் யூவி (புற ஊதாக் கதிர்) அளவு பல மாதங்களில் நண்பகலில் 11ஐத் தாண்டும். காற்று வீசிக்கொண்டே இருப்பதால் சூடு தெரியாது, அதனால் தோல் வெந்துகொண்டிருப்பதும் தெரியாது. இதுவரை வெயிலே படாத மார்பு, பிட்டம், தொடை மடிப்பு ஆகிய இடங்கள் வெளுத்த தோலானால் இருபது நிமிடத்துக்குள் சிவக்கத் தொடங்கும். கருத்த தோலுக்குச் சற்று நேரம் கூடக் கிடைக்கும், விலக்கு கிடைக்காது.

அளவைக் கணக்கிட்டே எடுத்துப்போங்கள். உடல் முழுக்க ஒருமுறை பூச ஏறக்குறைய 35 மில்லிலிட்டர் சன்ஸ்கிரீன் வேண்டும். இருவருக்கு 70. இரண்டு மணிக்கொரு முறையும், நீந்தி எழுந்த பின்பும் பூச வேண்டும் என்பதால் ஒரு நாளைக்கு மூன்று முறை என்று வைத்தாலே 210 மில்லிலிட்டர். அதாவது 200 மில்லிலிட்டர் குப்பி இருவருக்கு ஒரு நாள்கூட வராது. ஒரு வாரத்துக்கு ஒரே குப்பியோடு வருபவர்கள் மூன்றாம் நாளிலிருந்து கஞ்சத்தனமாகப் பூசுவார்கள், நான்காம் நாள் குப்புறப் படுக்க முடியாமல் அறையில் கிடப்பார்கள். எஸ்.பி.எஃப் 50, துத்தநாக ஆக்சைடு உள்ளதாக இருந்தால் நல்லது. அறையிலேயே ஆடை போடும் முன் பூசிவிட்டால் ஓர் இடமும் தப்பாது. மறந்துபோகிற இடங்கள்: பாதத்தின் மேற்புறம், முழங்காலின் பின்புறம், காதுமடல், தலை வகிடு, பிட்டத்தின் அடிமடிப்பு. முதல் நாள் நேரடி வெயில் இருபது நிமிடம் போதும், மிச்சம் குடைக்கடியில். நீச்சலுக்கு யூவி தடுக்கும் முழுக்கைச் சட்டை போட்டால் குப்பியும் மிச்சமாகும்.

மழிப்பதோ வேக்ஸ் செய்வதோ இருந்தால் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள். புதிதாக மழித்த தோலில் உப்பு நீரும் மணலும் பட்டால் கொப்புளம் கிளம்பும். கடலிலிருந்து வந்ததும் ஒரு குப்பி நன்னீரால் தொடை இடுக்கைக் கழுவித் துடையுங்கள், மணல் உராய்ந்து புண்ணாவது நிற்கும். டாக்சிசைக்ளின் போன்ற சில மருந்துகள் தோலை வெயிலுக்கு மிக எளிதில் இரையாக்கும், மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். குடிநீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல்.

அந்தி நேரத்தில் மணல் ஈக்கள் கடிக்கும். பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுவால் டெங்கு வரும். சன்ஸ்கிரீன் முதலில், அது காய்ந்த பிறகு கொசு விரட்டி.

கடலும் மரமும்

தெற்கு முனையை ஓரளவு பவளத்திட்டு மறைத்து நிற்பதால் நடுப்பகுதியைவிட அலை அடக்கம். அடியில் கடற்புல்லும் ஆங்காங்கே பாறையும் இருக்கும், முள்ளெலி போன்ற கடல்முள்ளிகள் அந்தப் பாறைகளில்தான். ரப்பர் அடியுள்ள நீர்க்காலணி போடுங்கள். காற்று வலுத்த நாளில் ஆழத்துக்குப் போகாதீர்கள், மீட்பாளர் பக்கத்தில் இருப்பார் என்று எண்ணக் கூடாது. கடலுக்குள் இழுத்துப்போகும் இழுநீரில் சிக்கினால் கரையை நோக்கிப் போராடாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியேறி, பிறகு திரும்புங்கள். நீந்தவே வராதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தெற்கே அடுத்துள்ள காலியோன் கடற்கரை ஆழமற்றது, அங்கே நீச்சலுடை போட வேண்டும்.

விரிகுடாவை ஒட்டி 1998இல் அமைத்த தேசிய இயற்கைக் காப்பகம் இருக்கிறது. பவளத் துண்டு, சங்கு, உயிருள்ளதோ செத்ததோ, எதையும் எடுக்கக் கூடாது.

கரீபியன் கடற்கரைகளில் மாஞ்சினீல் என்ற மரத்தை அடையாளம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பளபளக்கும் பச்சை இலை, சிறு பச்சை ஆப்பிள் போன்ற காய். பாலும் காயும் கொடிய நஞ்சு. மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால் இலையிலிருந்து வழியும் நீரே தோலைக் கொப்புளிக்க வைக்கும், ஆடையில்லாதவருக்கு அது பேராபத்து. பிரெஞ்சுத் தீவுகளில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்து வைப்பது வழக்கம். பட்டை இல்லாத மரமும் இருக்கலாம், தெரியாத மரத்தின் கீழ் துண்டு விரிக்காதீர்கள். பால் பட்டால் உடனே நிறைய நீரால் கழுவி மருத்துவரைப் பாருங்கள். பிரெஞ்சுப் பக்கத்து அவசர மருத்துவ எண் 15, மருத்துவமனை மரிகோவில் கொன்கோர்டியாவில் உள்ள லூயி-கோன்ஸ்தான் ஃப்ளெமிங்.

கிளம்பும் நாள்

ஜூலியானாவில் பெரும்பாலான நீண்டதூர விமானங்கள் பிற்பகலில்தான். ஓரியன்ட் பேயிலிருந்து சாலை காலியாக இருந்தால் நாற்பது நிமிடம் போதும். ஆனால் சிம்ப்சன் பேயில் படகுகளுக்காகப் பாலம் திறக்கும்போதும், கப்பல் வந்த நாளிலும் வண்டிகள் நகராமல் நிற்கும். பாலம் திறக்கும் நேரங்களை முந்தின நாளே பார்த்துவைத்து, விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன்பு கிளம்புங்கள். வாடகைக் காரைத் திருப்பித் தருவதாக இருந்தால் இருக்கையில் உள்ள மணலை அறையிலேயே தட்டிவிடுங்கள், சுத்தம் செய்யத் தனிக் கட்டணம் போடும் நிறுவனங்கள் உண்டு. எரிபொருளை ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், விமான நிலையத்தை நெருங்கிய பிறகு பங்க் தேடி நெரிசலில் திரும்புவது பெரும்பாடு.